இரண்டு கப்பலுக்கு நடுவே சின்ன வேலை: தூத்துக்குடி நண்பருக்கு

பல்க் கேரியரில் (மொத்தச் சரக்குக் கப்பல்) ஏபி (தேர்ந்த கடலோடி), அடுத்த கப்பலில் ஏற இன்னும் மூன்று மாதம், கையில் காசு இல்லை, இடையில் ஆறேழு வாரம் ஓட வேலை வேண்டும், ஒரு ஏஜென்ட் ஐம்பதாயிரம் கேட்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். முதலில் அந்த ஐம்பதாயிரத்தைக் கொடுக்காதீர்கள். வேலைக்காகக் கடலோடியிடம் காசு வாங்குவதே சட்டவிரோதம். ஆர்பிஎஸ்எல், அதாவது கடலோடிகளை வேலைக்கு எடுக்கும் உரிமம், உள்ள கம்பெனியா என்று டிஜி ஷிப்பிங் (அரசின் கப்பல் துறை இயக்ககம்) தளத்தில் பாருங்கள், அதில் இல்லையென்றால் பேச்சே வேண்டாம், ஒரிஜினல் சிடிசியை (கடலோடியின் பணிப் பதிவுப் புத்தகம்) எந்த ஏஜென்ட் கேட்டாலும் நகல் மட்டும் போதும்.

வேலை என்றால் மும்பை ஹை எண்ணெய் வயல் பக்கம் ஓடும் சப்ளை கப்பல்கள், டிரெட்ஜர் (தூர்வாரும் கப்பல்), துறைமுக டக் (இழுவைப் படகு). மழைக்காலம் முடிந்து அக்டோபர் வாக்கில் ஆஃப்ஷோர் (நடுக்கடல் எண்ணெய் வயல்) வேலை சூடுபிடிக்கும், யாராவது திடீரென்று கப்பலை விட்டு இறங்கினால் "நாளைக்கே வர முடியுமா" என்று போன் வரும், அப்போது மெடிக்கல் சான்றிதழும் எஸ்டிசிடபிள்யூ (கடலோடிகளுக்கான சர்வதேசப் பயிற்சி விதி) கோர்ஸ்களும் காலாவதியாகாமல் இருப்பவனுக்குத்தான் வாய்ப்பு. மாலத்தீவு போகும் நம்மூர் தோணியையும் கேட்டிருந்தீர்கள், சம்பளத்தை நினைத்தால் நான் போக மாட்டேன்.

ஒன்றை மட்டும் பலர் கவனிப்பதில்லை. இந்தியக் கடற்கரையோரம் மட்டுமே ஓடும் கப்பலில் இருக்கும் நாட்கள் என்ஆர்ஐ (வரிக்கு வெளிநாடுவாழ் இந்தியர்) கணக்கில் வெளிநாட்டு நாட்களாகச் சேராது. நிதியாண்டில் 182 நாள் இந்தியாவில் இருந்ததாகிவிட்டால் ரெசிடென்ட்தான் (வரிக்கு உள்நாட்டில் வசிப்பவர்), அப்புறம் வருமான வரியில் இடிக்கும். சரி, உங்கள் இப்போதைய கம்பெனியிடம் இடையில் வேறு வேலை பார்க்கலாமா என்று மெயிலில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டே கையெழுத்துப் போடுங்கள், லீவ் சம்பளம் தருகிறார்கள் என்றால் கட்டாயமாக.