நகையை அடகு வைத்து தசமபாகம் கட்டலாமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் தேயிலை. நல்ல மாதத்தில் இலைக்காசு 24,000 ரூபாய் வரும். பறிப்புக் கூலி, உரம், வண்டி வாடகை போக 11,000 நிற்கும். என் சம்பளம் 18,000. மொத்தம் 42,000-க்கும் தசமபாகம், அதாவது பத்தில் ஒன்றைச் சபைக்குக் காணிக்கையாகக் கொடுக்க வேண்டும் என்கிறார் கணவர். கையில் நிற்கிற 29,000-க்குத்தான் என்கிறேன் நான். விட்டுப்போன பாக்கி 20,000 ரூபாய். அதோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கட்ட வேண்டுமாம். சபையில் விளைச்சலைக் காணிக்கையாகப் படைக்கிற அறுப்பின் பண்டிகைக்குள் மீதி வளையலையும் அடகு வைக்கலாம் என்கிறார். ஏற்கெனவே நகைக்கடன் 1,40,000 இருக்கிறது. மாமனாருக்கு இன்சுலின் செலவு வேறு. என்ன செய்வது?

பதில்: வளையல் பீரோவிலேயே இருக்கட்டும், சகோதரி. மற்றதை அப்புறம் பேசுவோம்.

நான் போதகர் இல்லை, கணக்குப் பார்க்கிறவன். ஆனால் உங்கள் வீட்டுச் சண்டைக்கு வேதாகமத்தைத் திறக்காமல் கணக்குப் போட முடியாது. கணவர் சொல்வதற்கும் ஆதாரம் உண்டு. உபாகமம் 14, வயலில் விளைகிற எல்லாப் பலனிலும் பத்தில் ஒன்று என்றுதான் சொல்கிறது. ஆனால் யாக்கோபு 5:4-ஐயும் அவர் வாசிக்கட்டும்: வயலை அறுத்தவர்களுக்குக் கொடாத கூலி கூக்குரலிடுகிறது என்று இருக்கும். பறிப்புக் கூலி உங்கள் கையில் இரண்டு நாள் தங்கிப் போகிற பணம். அது பறித்தவருடையது. அடுத்தவர் காசில் எப்படிக் காணிக்கை போடுவது?

இன்னொன்று. 24,000-க்குப் பத்தில் ஒன்று 2,400. கையில் நிற்பதோ 11,000. ஆக நீங்கள் கொடுப்பது ஐந்தில் ஒன்றுக்கும் மேல். உறைபனி விழுகிற மாதத்தில் 8,000-க்கு இலை போட்டு 7,000 செலவானால், மீதி ஆயிரத்தில் 800 போய்விடும். பாக்கி இப்படித்தான் சேர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஐந்தில் ஒரு பங்கு விஷயம் லேவியராகமம் 27:31. தசமபாகமாகக் கொடுக்க வேண்டிய விளைச்சலைத் தானே வைத்துக்கொண்டு, மீட்டுக்கொள்ள விரும்புகிறவனுக்குச் சொன்னது அது. தாமதத்துக்கு அபராத வட்டி இல்லை. 20,000-இல் ஐந்தில் ஒன்றான அந்த 4,000-ஐக் கணக்கிலிருந்து அழித்துவிடுங்கள்.

20,000-ஐயும் கடனாக நினைக்க வேண்டாம் என்பேன். காணிக்கையைப் பற்றி கொரிந்தியருக்கு அப்போஸ்தலர் பவுல் எழுதியது "விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல" என்று. சபைக்குச் சபை பழக்கமும் வேறு. பெந்தெகொஸ்தே சபைகளில் பத்து சதவீதத்தை அழுத்திச் சொல்வார்கள். சி.எஸ்.ஐ. என்கிற தென்னிந்தியத் திருச்சபையில் சந்தாவும் காணிக்கையும். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் திருச்சபையின் தேவைக்கு உதவச் சொல்கிறது, இத்தனை சதவீதம் என்று சொல்லவில்லை.

இன்சுலினில் கை வைக்காதீர்கள். "கொர்பான்", அதாவது இது கடவுளுக்குக் காணிக்கை என்று சொல்லிப் பெற்றோரைக் கைவிடுகிறவர்களை இயேசு கண்டித்தது மாற்கு 7-இல் இருக்கிறது. கணவர் மறுக்க மாட்டார்.

சரி, நடைமுறைக்கு வருவோம். சம்பளம் வந்த அன்றே 1,800-ஐத் தனிக் கவரில் போட்டுவிடுங்கள். ஃபாக்டரி பணம் வந்ததும் கூலியும் உரக்கடைப் பாக்கியும் தீர்த்து, மிச்சத்தில் பத்தில் ஒன்று. மிச்சமே இல்லாத மாதத்தில் இலையிலிருந்து ஒன்றும் இல்லை. "வரவுக்குத் தக்கதாக" என்பதும் பவுல் சொன்னதுதான். நல்ல மாதத்தில் இது 2,900 ஆகிறது. கணவர் கேட்கிற 4,200-க்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் 1,300. அதை நகைக்கடனில் கட்டுங்கள். நகை திரும்பி வந்த பிறகு அவர் ஆசைப்படி கூட்டிக்கொள்ளலாம். அப்போது நான் தடுக்க மாட்டேன்.

நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை தருகிற 80ஜி ரசீது கிடைக்குமா என்று அலைய வேண்டாம். பச்சை இலை விற்ற பணம் விவசாய வருமானம், வருமான வரி கிடையாது. உங்கள் சம்பளமும் வரி வரம்புக்குக் கீழேதான்.

பண்டிகையில் காணிக்கையாக வந்த காய்கறியை ஏலம் விடுவார்களே, அதற்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. பக்கத்து வீட்டுக்காரர் முந்நூறு என்றதும் நம் வாய் ஐந்நூறு என்னும், அதுவும் ஒரு முட்டைக்கோசுக்கு! கிளம்பும்போதே தொகையை முடிவு செய்து, அந்த நோட்டை மட்டும் கணவர் சட்டைப் பையில் வைத்து அனுப்புங்கள்.