சாவை எதிர்கொள்வது: கேட்டவையும் என் பதில்களும்

ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு ஜெபிக்கும் போதகராக இருபது வருஷம் ஓடிவிட்டது. சாவைப் பற்றிக் கேட்கலாம் என்றதும் வந்த கேள்விகளில் சில இவை.

கேள்வி: ஐயா, அப்பாவுக்குக் கணையத்தில் புற்றுநோய். சில மாதங்கள்தான் என்கிறார் டாக்டர். ஜெபக்குழுவினரோ, "சாவைப் பற்றிப் பேசுவதே அவிசுவாசம்" என்கிறார்கள். அப்பாவிடம் சொல்லலாமா?

பதில்: சொல்லுங்கள் அம்மா. பாதி அவருக்கே தெரிந்திருக்கும். அவருக்குத் தெரியாது என்று நீங்கள் நடிப்பீர்கள், உங்களுக்காக அவரும் நடிப்பார். இப்படி எத்தனையோ வீடுகளைப் பார்த்துவிட்டேன்.

ஜெபக்குழுவினர், பைபிளில் சாகக்கிடந்த எசேக்கியா ராஜாவுக்கு ஜெபத்தால் கூடுதலாகக் கிடைத்த பதினைந்து வருஷ ஆயுளைக் காட்டுவார்கள். அதே அதிகாரத்தை முதலிலிருந்து வாசியுங்கள். "வீட்டுக் காரியத்தை ஒழுங்குபடுத்தும், நீர் பிழைக்கமாட்டீர்" என்று ஏசாயா தீர்க்கதரிசி நேராகச் சொன்ன பிறகுதான் ராஜா சுவர்ப்பக்கம் திரும்பி அழுது ஜெபிக்கிறார். உண்மை தெரிந்ததால்தான் அந்த ஜெபமே வந்தது. பதினைந்து வருஷம் முடிந்ததும் அவரும் இறந்தார். இயேசு எழுப்பி, கல்லறையிலிருந்து வெளியே வந்த லாசருவும் இன்னொரு தடவை செத்துத்தானே ஆகவேண்டும்?

அதற்காக எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிடாதீர்கள். "டாக்டர் சொன்னது உங்களுக்குத் தெரிய வேண்டுமா அப்பா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிட்டு, இரண்டு நாள் கழித்துக் கேளுங்கள். சுகத்துக்காகவும் ஜெபியுங்கள், தப்பில்லை. ஆனால் பேச்சுவார்த்தை இல்லாத தம்பியைப் பார்க்க அவருக்கு ஆசை இருந்தால், அதற்கு நாள் வேண்டும். பத்திரம், பாஸ்புக் விஷயமும் அப்படித்தான்.

கேள்வி: ஞானஸ்நானம் எடுத்து முப்பது வருஷம் ஆகிறது. ஆனாலும் ராத்திரியில் சாவை நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது. விசுவாசம் போதவில்லையா?

பதில்: சாக்ரடீஸ் விஷக் கோப்பையைக் கலங்காமல் வாங்கிக் குடித்தார் என்பார்கள். ஆனால் சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டத்தில் இயேசு கலங்கினார், பாடுகளின் கோப்பை நீங்கக்கூடுமா என்று பிதாவிடம் கேட்டார். அப்போஸ்தலன் பவுலும் மரணத்தைக் கடைசிச் சத்துரு என்கிறார், நண்பன் என்று சொல்லவில்லை. சத்துருவைக் கண்டு பயந்ததற்கு உங்களை யாரும் குறைசொல்ல முடியாது. "பரலோகம் போய்விட்டார், அழாதீர்கள்" என்று துக்க வீட்டில் அதட்டுகிறவர்களைக் கண்டால் எனக்கே கோபம் வரும். லாசருவை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தும் இயேசு அழுதார்.

கேள்வி: சிலுவையில் இயேசு கசப்பு கலந்த பானத்தை மறுத்தாரே. அப்படியானால் மாமாவுக்கு மார்ஃபின் கொடுப்பது பாவமா?

பதில்: இல்லை தம்பி. அவர் மறுத்தது அவருடைய பாடு, நமக்கு வைத்த சட்டம் அல்ல. நீதிமொழிகள் 31-ஐப் பாருங்கள், மடிந்துபோகிறவனுக்கு மதுபானம் கொடுக்கச் சொல்கிறது. வலி தணிக்கும் மருந்து ஆயுளைச் சற்றுக் குறைக்கக்கூடும் என்றாலும், வலிக்காகவே கொடுப்பது தகும் என்று போப் பன்னிரண்டாம் பயஸ் 1957-இலேயே சொல்லிவிட்டார். 1967-இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸை, அதாவது சாகும் தறுவாயில் இருப்பவர்களைப் பராமரிக்கும் இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் ஆழ்ந்த கிறிஸ்தவர். வலி வரட்டும் என்று காத்திராமல், மணி பார்த்து மார்ஃபின் கொடுக்கும் முறையை வலியுறுத்தியவர் அவர். வலியில் துடிக்கிறவருக்கு ஜெபிக்கக்கூட முடியாது. டாக்டர் எழுதித் தந்த வேளையில் தவறாமல் கொடுங்கள்.

கேள்வி: தகனம் செய்தால் உயிர்த்தெழுதல் உண்டா?

பதில்: உண்டு. கடலில் மூழ்கியவர்களுக்கும் உண்டுதானே? கத்தோலிக்கத் திருச்சபை 1963-இல் தகனத்தை அனுமதித்தது, சாம்பலைத் தூவத்தான் கூடாது என்கிறது. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பமென்றால் உங்கள் ஆயரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். சிக்கல் பெரும்பாலும் சொந்தக்காரர்களிடம்தான் வரும்.

கேள்வி: அம்மாவுக்கு நினைவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து என்ன செய்வது?

பதில்: கையைப் பிடித்துக்கொண்டு காதருகே 23-ஆம் சங்கீதம் வாசியுங்கள். காது கடைசிவரை கேட்கும் என்று நர்சுகள் சொல்வார்கள். புது மொழிபெயர்ப்பு வேண்டாம், "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" என்ற பழையதையே எடுங்கள். ஞாயிறு பள்ளியில் அம்மா மனப்பாடம் செய்தது அதைத்தான்.