மூலையைப் பார்த்து வாங்குங்கள்

இணையத்தில் 'மைட்டர்' என்று தேடி முதலில் வந்ததை ஆர்டர் பண்ணினேன். பிரேம் சட்டத்தை மூலைக்குச் சாய்வாக அறுக்க உதவும் பெட்டி வரும் என்று பார்த்தால் நாடகத்துக்குப் போடும் பிஷப் தொப்பி வந்திருக்கிறது. ஏமாற்றிவிட்டார்கள். (ஹட்டன்)

ஏமாற்றவில்லை. படத்தைக்கூடப் பார்க்காமல் காசு கட்டியது நீங்கள்.

ஆயர் தலையில் வைப்பதற்கும் தச்சர் வெட்டுவதற்கும் எப்படி ஒரே பெயர்? (கண்டி)

நல்ல கேள்வி. கிரேக்கத்தில் மித்ரா என்றால் தலைக்கட்டு. ஆயர் தொப்பி முன்னும் பின்னுமாக இரண்டு விறைப்பான துண்டு, ஒவ்வொன்றும் மேலே கூராக முடியும், பின்னால் இரண்டு பட்டி தொங்கும். அந்தச் சாய்ந்த ஓரங்கள் உச்சியில் சேர்வது போலத்தான் 45 பாகையில் வெட்டிய இரண்டு சட்டங்கள் மூலையில் சேர்கின்றன, தச்சு வேலைக்குப் பெயர் வந்ததும் அதனால்தான் என்பார்கள். தமிழைப் பாருங்கள், தலைக்கட்டும் பாகை, கோண அளவும் பாகை!

காலமான அம்மாவின் போட்டோவுக்குத் தேக்கு என்று சொல்லி 4,500 ரூபாய்க்கு பிரேம் விற்றார்கள். மூன்று மாதத்தில் நான்கு மூலையும் உள்பக்கம் விரிந்துவிட்டது. கேட்டால் 'இந்தக் குளிருக்கு அப்படித்தான்' என்கிறார்கள். (பண்டாரவளை)

குளிர்மேல் பழி போடுகிறார்கள், நம்பாதீர்கள். மரம் காயும்போது அகலத்தில் சுருங்கும், நீளத்தில் அநேகமாகச் சுருங்காது. அதனால் 45 ஆக வெட்டிய முனை கூர்ந்துபோய் மூலையின் உள்பக்கம் வாய் திறக்கும். ஈரம் ஏறினால் வெளிப்பக்கம் திறக்கும். உங்களுடையது உள்பக்கம் என்றால் காயாத மரத்தை உங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள், அதுவும் அம்மா படத்துக்கு என்று தெரிந்தே. எனக்குக் கோபம் வருகிறது. என் கல்யாணப் போட்டோவுக்கு நானும் இப்படி ஒன்று வாங்கினேன், மூலை இடைவெளியில் மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்து மேலே வார்னிஷ் அடித்திருந்தார்கள், தென்மேற்கு மழை தொடங்கியதும் அடைத்ததெல்லாம் உதிர்ந்து கண்ணாடியும் விழுந்து உடைந்தது. அன்றிலிருந்து பிரேமைத் திருப்பிப் பின்பக்கம் பார்க்காமல் நான் வாங்குவதில்லை. வெட்டு முனை பசையை உறிஞ்சிவிடும், பசை மட்டும் போதாது. மூலைக்குக் குறுக்கே ஆணியோ மெல்லிய மரச்செருகலோ இருக்க வேண்டும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் கீற்றுத் தெரியக்கூடாது. மூலையிலிருந்து எதிர்மூலைக்குக் குறுக்காக இரண்டு பக்கமும் அளந்தால் இரண்டும் ஒரே அளவு வர வேண்டும்.

சரி, இப்போது என்ன செய்வது? பில் இருக்கிறதா? அதில் தேக்கு என்று எழுதியிருந்தால் இன்னும் நல்லது. மூலைகளைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு கடையில் மாற்றித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் நுகர்வோர் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழையுங்கள், தாமதிக்க வேண்டாம்.

ஆறு மூலைக் கண்ணாடிக்கு பிரேம் செய்ய வேண்டும். தச்சு பாஸிடம் 45 பாகையில் வெட்டச் சொல்லவா? (நாவலப்பிட்டி)

வேண்டாம், 30. 180ஐ மூலை எண்ணிக்கையால் வகுங்கள், எட்டு மூலை என்றால் 22.5 வரும்.