பின்குறிப்பில் கிடந்த எஞ்சின்

அன்புள்ள ஐயா,

நான் ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடம். மெக்கானிக்கல் முடித்து இரண்டு வருடம் ஆகிறது. நண்பர்கள் சொன்னதால் லிங்க்ட்இன்னில் கணக்குத் தொடங்கினேன். 412 பேர் இணைப்பில் இருக்கிறார்கள். எச்ஆர் ஆட்கள் நூறு பேருக்காவது ‘வேலை இருந்தால் சொல்லுங்கள் சார்’ என்று அனுப்பியிருப்பேன். மூன்று பேர் பதில் போட்டார்கள், அதில் ஒருவர் பணம் கேட்டார். காசு கட்டி அதன் பிரீமியம் வாங்கினால் பலன் உண்டா? வேலை தேடுகிறேன் என்று காட்ட, படத்தைச் சுற்றிப் பச்சை வளையம் போட்டால் இளப்பமாக நினைப்பார்களா? அப்பா ‘படிச்சது போதும், வள்ளத்துல வா’ என்கிறார். நீங்கள் நம் பக்கத்துக்காரர் என்பதால் எழுதுகிறேன். என் பக்கத்தின் சுட்டி கீழே.

பி.கு: மாமாவின் எஞ்சின் ஷெட்டில் இருந்து போனில் தட்டுகிறேன். கையெல்லாம் ஆயில். பிழை இருந்தால் மன்னிக்கவும்.

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

பிரீமியம் வேண்டாம். அந்தக் காசுக்கு அம்மாவுக்கு ஏதாவது வாங்கிக் கொடு. பச்சை வளையம் போடலாம். கூச்சமாக இருந்தால், ஆள் எடுப்பவர்கள் கண்ணுக்கு மட்டும் தெரிகிற மாதிரி வைக்கவும் அதிலேயே வசதி இருக்கிறது. வேலை தேடுவது களவில்லை. பணம் கேட்டவனைத் தடை செய்துவிடு. வெளிநாட்டு வேலை என்று எவன் வந்தாலும் இந்திய அரசின் ஈமைக்ரேட் தளத்தில் அவன் பதிவு பெற்ற முகவர்தானா என்று முதலில் பார். கீழக்கரையிலும் தொண்டியிலும் வீட்டுக்கு வீடு சொல்வார்கள், பார்க்காமல் போனவன் கதையை.

இனி நான் எழுத வந்தது. உன் கடிதத்தைவிடப் பின்குறிப்பைத்தான் மூன்று தடவை படித்தேன். பிறகு நீ கொடுத்த சுட்டியில் போய்ப் பார்த்தேன். எங்கேயோ இரவல் வாங்கிய கோட்டுடன் ஒரு படம். பெயருக்குக் கீழே 220 எழுத்துக்கு இடம் தருகிறார்கள். அதில் ‘மோட்டிவேட்டட் பிரெஷர் சீக்கிங் ஆப்பர்ச்சூனிட்டீஸ்’ என்று போட்டிருக்கிறாய். ‘அபவுட்’ பகுதியில் 2,600 எழுத்து வரை எழுதலாம். ஹார்ட் ஒர்க்கிங், டீம் பிளேயர், குவிக் லேர்னர் என்று மூன்று வரி. யாரப்பா இந்த ஆள்? எனக்குத் தெரிந்து தங்கச்சிமடத்தில் இப்படி ஒருவர் இல்லை. எஞ்சின் எங்கே? ஷெட் எங்கே? கையில் இருந்த ஆயில் எங்கே?

இதைக் கேட்டு உனக்கு எழுதினேன். அரை மணி நேரத்தில் பதில் போட்டாய்: ‘அது வேலை இல்ல சார். காலேஜ் முதல் வருசத்துல இருந்து தடைக்காலத்துல மாமாவுக்கு ஒத்தாசை. அவ்வளவுதான்.’

எனக்குக் கோபம் வந்தது. ஒத்தாசை! நம் கரையில் இந்த ஒரு சொல் எத்தனை பேர் உழைப்பைத் தின்றிருக்கிறது தெரியுமா? வலை பொத்துகிற கிழவர் செய்வது ஒத்தாசை. மீனைத் தரம் பிரித்து, உப்பிட்டு, காயவைத்து, காக்காய் விரட்டுகிற அம்மா செய்வது ஒத்தாசை. இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு மூழ்கிப் பாசி எடுக்கிற பெண்ணைக் கேள், ‘சும்மா வீட்டுலதான் இருக்கேன்’ என்பாள். சம்பளக் கவர் வராதது எதுவும் நமக்கு வேலையில்லை. நீ படித்தவன், நீயும் அதையே சொல்கிறாய்.

மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். விசைப்படகு எல்லாம் கட்டிக் கிடக்கும். வருஷம் முழுக்க ஓடிய எஞ்சினைப் பிரிப்பது அப்போதுதான். ஹெட்டைக் கழற்றி, இன்ஜெக்டரைச் சோதனைக்கு அனுப்பி, கடல் தண்ணீர் ஓடுகிற குழாயில் கல்லாய்ப் பிடித்த உப்பைச் சுரண்டி, பேரிங் மாற்றி, மறுபடி பூட்டி, ஷாப்ட் நேர் பார்த்து விடவேண்டும். நேர் கொஞ்சம் தப்பினால், ஷாப்ட் வெளியே போகிற இடத்தை அடைக்கிற கிளாண்டு வழியாகத் தண்ணீர் உள்ளே வரும். பத்துப் பாகம் ஆழத்துக்குத் தள்ளிப் போன பிறகு, நடுராத்திரியில் வரும். உன் மாமா பூட்டிய எஞ்சினை நம்பி ஐந்தாறு உயிர் போய்த் திரும்புகிறது. அதில் உன் கையும் இருந்திருக்கிறது. இதை எழுத வெட்கப்பட்டு, டீம் பிளேயர் என்று எழுதியிருக்கிறாய்.

நானும் ஒரு காலத்தில் இந்த வெட்கத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனவன்தான். 1981. பாம்பனில் ஒரு கருவாட்டுக் கிட்டங்கியில் மூன்று வருஷம் கணக்கு எழுதிவிட்டு மெட்ராஸுக்குக் கிளம்பினேன். முதலாளி அங்கே ஒரு மண்டிக்காரருக்குச் சீட்டுக் கொடுத்தார். பில் தாளின் பின்பக்கம் எழுதி, மடித்து, சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டியிருந்தார். ராமேஸ்வரம் வண்டி மானாமதுரையில் நின்றபோது எச்சில் தொட்டு மெதுவாகப் பிரித்தேன். இன்றைக்கும் வரி வரியாக ஞாபகம் இருக்கிறது. ‘இது கொண்டுவரும் பையன் மூன்று வருடம் என்னிடம் கணக்கு எழுதினான். கூட்டலில் பிசகு வராது. காசில் கை வைக்க மாட்டான். கோபம் ஜாஸ்தி. படகில் ஏற்ற வேண்டாம், வாந்தி எடுப்பான்.’

கிழித்து ஜன்னல் வழியே போட்டுவிடலாமா என்று இருந்தது. கோபமாம், வாந்தியாம். கரைக்காரப் பையனைப் பற்றி இப்படியா எழுதுவது? மண்டிக்காரர் அதை எல்லோர் எதிரிலும் உரக்கப் படித்தார். அவரிடம் வேலை காலி இல்லை. எதிரே டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர் சிரித்துப் புரையேறி, ‘என் கடையில படகு கிடையாது, வர்றியா?’ என்றார். ஆண்டர்சன் தெருவில் பேப்பர் வியாபாரம். பதினோரு வருஷம் அங்கே இருந்தேன். காசில் கை வைக்க மாட்டான் என்பதைக்கூட, அந்த வாந்தி வரியால்தான் நம்பினேன் என்று பின்னால் ஒருநாள் சொன்னார்.

போன மாதம் பாம்பன் போயிருந்தேன். கிட்டங்கி இருந்த இடத்தில் லாட்ஜ் நிற்கிறது. அன்றிலிருந்தே அந்தச் சீட்டு மனசில் ஓடிக்கொண்டிருந்தது, உன் கடிதம் வந்து சேர்ந்தது.

எனக்கு வேலை கொடுத்தவர் முதலாளிக்கு உறவில்லை, எனக்கும் உறவில்லை. ஆனால் மண்டிக்காரருக்குத் தெரிந்தவர். மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973இல் இதைக் கணக்காகவே காட்டினார். பாஸ்டன் பக்கத்தில், தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களைக் கேட்டபோது, அடிக்கடி பார்க்கிற ஆளால் கிடைத்தது 16.7 சதவீதம்தான். எப்போதாவது பார்க்கிறவரால் 55.6. நம் கரைக்காரனுக்கு இது புதிதா? உன் அண்ணன் மீன் பிடிக்கப் போகிற இடத்துக்குத்தான் நீயும் போவாய். அவனுக்குத் தெரிந்த மீன் உனக்கும் தெரியும். புது இடத்தில் மீன் விழுவதை அடுத்த கரைக்காரன் வாயிலிருந்துதான் கேட்கமுடியும். 2022இல் லிங்க்ட்இன்னையே வைத்து இரண்டு கோடிப் பேரிடம் இதையே சோதித்து ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். (அந்த இரண்டு கோடிப் பேரிடம் சொல்லாமலேயே செய்த சோதனை. அது தனியாகத் திட்டவேண்டிய விஷயம்.) ரொம்ப நெருக்கமும் உதவவில்லை, சுத்தமாக அறிமுகமில்லாததும் அவ்வளவு உதவவில்லை. இருவருக்கும் பொதுவாகச் சிலரைத் தெரிந்த, அரைகுறை அறிமுகம்தான் அதிகம் உதவியது.

உன் 412 பேரைப் பார். பாதி உன் வகுப்பு. அவர்களும் உன்னை மாதிரியே தேடுகிறார்கள். மீதி முகம் தெரியாத எச்ஆர். நடுவில் ஒருவரும் இல்லை. தூத்துக்குடியில் இருந்து ஷெட்டுக்கு வரும் உதிரிபாகக்காரர் எங்கே? தடைக்காலத்தில் வந்து போகிற எஞ்சின் கம்பெனி சர்வீஸ் ஆள்? கல்லூரியில் இரண்டு செட் மூத்தவன், கொச்சியில் கப்பல் பட்டறையில் இருப்பவன்? அவர்களிடம் வேலை கேட்காதே. ‘போன வருஷம் அந்த லேலண்ட் எஞ்சினைப் பிரிக்கும்போது கூட நின்றேனே, நான்தான்’ என்று எழுது, போதும்.

ஆள் எடுப்பவன் அந்தத் தளத்தில் ‘மோட்டிவேட்டட்’ என்று தட்டித் தேட மாட்டான். மரைன் டீசல், ஓவர்ஹாலிங், இன்ஜெக்டர் என்று தட்டுவான். அந்தச் சொற்கள் உன் பக்கத்தில் இருந்தால்தானே நீ அகப்படுவாய்? கோட்டுப் படத்தை எடுத்துவிட்டு ஷெட்டில் நின்று ஒன்று எடுத்துப் போடு. முகம் மட்டும் துடைத்துக்கொள், கையைத் துடைக்காதே. உன்னைப் பற்றி நாலு வரி மாமாவிடம் சொல்லச் சொல்லி, அவர் சொன்னபடியே எழுது. உனக்கு ஒத்துக்காதது எதையாவது சொன்னால் அதையும் சேர்.

இத்தனை வருஷத்தில் எத்தனை எஞ்சின் பிரித்தாய்? ‘நிறைய’ என்று எழுதினால் எனக்குக் கெட்ட கோபம் வரும், முதலாளி பொய் சொல்லவில்லை. எந்தப் படகு எப்போது வந்தது என்று மாமா எங்காவது குறித்திருப்பார். நோட்டில் இல்லாவிட்டால் கதவுக்குப் பின்னால் சுவரில் சாக்பீஸால் இருக்கும். போய் எண்ணி, எண்ணிக்கையை எனக்கும் அனுப்பு.

அப்பா விஷயத்தில் மட்டும் நான் வாய் திறக்க மாட்டேன். படகில் வாந்தி எடுத்தவன் சொல்லி எந்த வள்ளக்காரர் கேட்பார்?