அலியா, லெனார்டா, டைசனா? குத்துச்சண்டை: வாசகர் கேள்வி பதில்

நான் அலியின் காலத்து ஆள். மூத்த மகன் டைசன்தான் என்கிறான், இளையவன் பக்கியாவ் என்கிறான். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் இதே வழக்குத்தான். எங்கள் வாழ்நாளில் பார்க்கக் கிடைத்தவர்களில் உண்மையிலேயே பெரியவர் யார்?
– ச. வே., உப்புவெளி

வழக்குத் தீர வேண்டுமானால் முதலில் மூவரும் அளவுகோலில் ஒத்துப்போக வேண்டும், ஐயா. வெற்றிகளின் எண்ணிக்கையை விட்டுவிடுங்கள். இலேசான எதிராளிகளாகப் பொறுக்கினால் யாருக்கும் முப்பது வெற்றி சேரும். யாரை வென்றார், அந்த ஆள் அன்றைக்கு எந்த நிலையில் இருந்தார், தோற்ற பிறகு இவர் எழுந்து வந்தாரா என்ற மூன்றையும் கேளுங்கள்.

அந்தக் கணக்கில் முகம்மது அலிக்கு மேல் ஆள் இல்லை. 1974 ஒக்டோபர் 30, கின்ஷாசா. ஜோர்ஜ் போர்மனுக்கு வயது 25, நாற்பது சண்டையில் ஒன்றும் தோற்கவில்லை, அதில் 37 நொக் அவுட். அலியைத் தோற்கடித்திருந்த பிரேசியரையும் நோர்ட்டனையும் ஆளுக்கு இரண்டே சுற்றில் முடித்தவர். அலிக்கோ 32 வயது. முதல் சுற்றில் அலி இடக்கையால் வழி திறக்காமல் நேரே வலக்கையை வீசினார். பின்னால் இருக்கும் கை வெகுதூரம் வர வேண்டும் என்பதால் உலக சம்பியன் ஒருவருக்கு எதிராக யாரும் அதைத் துணிந்து செய்வதில்லை. இரண்டாம் சுற்றிலிருந்து கயிற்றில் சாய்ந்து, முழங்கைகளால் விலாவையும் கிளவுஸால் முகத்தையும் மூடிக்கொண்டார். உடம்பு பின்னால் வளைய வளைய, குத்தின் வேகத்தில் ஒரு பங்கைக் கயிறு வாங்கிக்கொள்ளும். கட்டிப்பிடித்த நேரமெல்லாம் போர்மனின் பிடரியைக் கீழே அழுத்தினார். கழுத்தும் தோளும் களைத்தால் கை தானாக இறங்கும். எட்டாம் சுற்றில் போர்மன் விழுந்தார். அப்போது இலங்கையில் காலை ஒன்பது மணியளவு. 1979 வரை இங்கே தொலைக்காட்சி இல்லாதபடியால் உங்கள் தலைமுறை இந்தச் சண்டையை முதலில் வாசித்தது, பிறகுதான் பார்த்தது.

ஆனால் அலியின் கால்களைப் பார்க்க வேண்டுமானால் 1966 நவம்பரில் கிளீவ்லண்ட் வில்லியம்ஸுடன் நடந்த மூன்று சுற்றுச் சண்டையைப் பாருங்கள். பட்டம் பறிபோய் மூன்றரை வருடம் சண்டை இல்லாமல் கழிந்த பிறகு வந்த அலிக்கு அந்தக் கால் இல்லை. மூளையும் தாங்கும் நெஞ்சுமே மிச்சம்.

அடுத்து சுகர் ரே லெனார்ட். பெனிட்டஸ், டுரான், ஹேர்ன்ஸ், ஹாக்லர் என்று நால்வரை வென்றவர். நால்வருமே வரலாற்றில் நிற்பவர்கள். அவருக்குப் பக்கத்திலேயே ரொபேர்டோ டுரானை வைக்கிறோம். 1972இல் இலகு எடைப் பட்டம், 1980 ஜூனில் மொன்றியலில் லெனார்டை வென்றது, 1989இல் 37 வயதில் பார்க்லியை வென்று நடு எடைப் பட்டம். அதே 1980 நவம்பரில் லெனார்டுடனான மறுசண்டையில் எட்டாம் சுற்றில் கையை விரித்துவிட்டுப் போனது உண்மைதான். அந்த ஓர் இரவை வைத்து மனிதரை எடை போடுவது நியாயமில்லை.

பக்கியாவ் 112 இறாத்தல் பட்டத்தில் தொடங்கி 154 இறாத்தல் பட்டம் வரை, எட்டு எடைப் பிரிவுகளில் வென்றவர். உங்கள் இளையவன் பிழையான கட்சியில் இல்லை.

மூத்தவருக்குத்தான் கசப்பான பதில். 1986 நவம்பரில் பெர்பிக்கை இரண்டாம் சுற்றில் வீழ்த்தி, 20 வயதில் உலக சம்பியன் ஆனவர் டைசன். 1988இல் ஸ்பிங்ஸை முடிக்க 91 செக்கன் போதுமாக இருந்தது. அந்த இரண்டு வருடத்தின் உச்சத்தை மறுக்க முடியாது. ஆனால் அவர் வென்ற லாரி ஹோம்ஸுக்கு அப்போது 38 வயது. ஹோலிஃபீல்டிடமும் லெனொக்ஸ் லூவிஸிடமும் தோற்றார். விழுந்த பிறகு எழுந்து வந்து வென்ற ஒரு பெரிய சண்டை அவர் கணக்கில் இல்லை. எங்கள் முதல் ஐந்துக்குள் அவர் வரமாட்டார்.

1987இல் லெனார்டிடம் ஹாக்லர் தோற்றார் என்று அறிவித்தது அநியாயம் என்று எங்கள் கழகத்தில் இன்றும் சண்டை. வீட்டில் இருந்து நாங்களே புள்ளி போட்டுப் பார்க்க வழி உண்டா?
– ம. ர., திருக்கடலூர்

உண்டு. ஒரு தாளில் இரண்டு நிரல், பன்னிரண்டு வரி கீறுங்கள். வர்ணனையின் சத்தத்தை அடைத்துவிடுங்கள். இது முக்கியம், வர்ணனையாளர் யார் பெயரை அடிக்கடி சொல்கிறாரோ உங்கள் பேனா அந்தப் பக்கம்தான் சாயும். சுற்றை வென்றவருக்கு 10, மற்றவருக்கு 9. ஒருவர் ஒரு தடவை விழுந்தால் பெரும்பாலும் 10–8. இரண்டு தடவை விழுந்தால் 10–7. மத்தியஸ்தர் புள்ளி வெட்டினால் அதைப் பிறகு கழியுங்கள்.

எண்ண வேண்டியது மொளிப் பக்கத்தால் (முஷ்டியின் முன் கணுக்களால்) நேரே பட்ட குத்தை மட்டுமே. முகத்தின் முன்னும் பக்கமும், பெல்ட்டுக்கு மேல் உடம்பும் கணக்கு. கிளவுஸிலும் தோளிலும் பட்டவை சத்தமாகக் கேட்டாலும் கணக்கில்லை. முன்னேறிக்கொண்டே போவதற்கும் தனியாகப் புள்ளி இல்லை. போய் அடித்தால்தான் உண்டு. மணி அடித்த ஒரு நிமிட ஓய்வுக்குள் எழுதிவிட வேண்டும். பிறகு எழுதினால் அடுத்த சுற்றின் ஞாபகம் முந்தியதைக் கெடுக்கும்.

இனி ஹாக்லர் சண்டைக்கு வருவோம். லெனார்ட் அதற்கு முந்திய ஐந்து வருடத்தில் ஒரே ஒரு தடவைதான் ரிங்கில் ஏறியிருந்தார். ஆனால் ஒப்பந்தத்தில் மூன்று விஷயத்தைக் கேட்டு வாங்கினார். பதினைந்துக்குப் பதில் பன்னிரண்டு சுற்று, இருபது அடி அகல ரிங், பத்து அவுன்ஸ் கிளவுஸ். மூன்றும் ஓடுபவருக்கு உதவுபவை. ஹாக்லர் தன் பங்குக்குப் பெரிய பிழை விட்டார். இடக்கை வீரரான அவர் முதல் இரண்டு சுற்றையும் வலக்கை நிலையில் நின்று ஆடினார். அந்த இரண்டும் போயிற்று. ஒவ்வொரு சுற்றின் கடைசி அரை நிமிடத்திலும் லெனார்ட் சரமாரியாகக் கை வீசினார். அவற்றில் பாதி கிளவுஸில்தான் பட்டன, ஆனால் கடைசியாகக் கண்ணில் பட்டது மனதில் நிற்கும். ஆகவே சந்தேகமான சுற்றுக்கு நடு நிமிடத்தை மட்டும் திரும்பப் போட்டுப் பாருங்கள்.

ஒரு நடுவர் 115–113 ஹாக்லருக்கு, ஒருவர் 115–113 லெனார்டுக்கு, மூன்றாமவர் 118–110 லெனார்டுக்கு. 118–110 எந்தக் கண்ணுக்கும் பொருந்தாது. எங்கள் தாளில் 115–113, லெனார்டுக்கு. கழகத்தில் ஏழு பேர் தனித்தனி அறையில் இருந்து எழுதிப் பாருங்கள், நாலுக்கு மூன்று என்றுதான் பிரியும்.

மேவெதருக்கு முன்னால் பக்கியாவ் ஏன் அவ்வளவு அடங்கிப்போனார்?
– பா. சி., பாலையூற்று

காலைப் பாருங்கள், கை பிறகு விளங்கும். பக்கியாவ் இடக்கைக்காரர், வலது கால் முன்னே. மேவெதருக்கு இடது கால் முன்னே. இருவரின் முன்கால் பெருவிரல்களும் நேருக்கு நேர் முட்டும். யாருடைய முன்கால் மற்றவரின் முன்காலுக்கு வெளிப்பக்கத்தில் ஊன்றுகிறதோ, அவருடைய பின்கைக்கு எதிராளியின் முகம் வரை நேர்வழி திறக்கும், எதிராளியின் பின்கையோ சுற்றி வர வேண்டும். மேவெதர் அந்த இடத்தைப் பெரும்பாலும் விட்டுக்கொடுக்கவில்லை. நெருங்கினால் கட்டிப்பிடித்தார். பக்கியாவ் தோள் காயத்தோடு ஆடி, பிறகு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நடுவர்கள் மூவரின் தாளிலும் மேவெதருக்கே வெற்றி: 118–110, 116–112, 116–112.

இதையே 2012 டிசம்பரில் மார்க்கேஸ் வேறு விதமாகச் செய்தார். ஆறாம் சுற்று முடிய ஒரு செக்கன் இருக்க, பக்கியாவ் உள்ளே பாய்ந்த கணத்தில் சின்னதாக ஒரு வலக்கை. பாய்ந்து வருபவரின் நிறையும் குத்தோடு சேர்ந்துவிடும். அதனால்தான் அப்படி முகங்குப்புற விழுந்தார்.

1990 டோக்கியோவில் டைசனின் கண் மூடிப்போனதே, மூலையில் இருந்தவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?
– அ. மு., கிண்ணியா

அவர்களிடம் கண் வீக்கத்தை அழுத்தும் இரும்பே இல்லை. உள்ளங்கைக்குள் அடங்கும், பிடி வைத்த சிறிய உலோகக் கட்டி அது. ஐஸில் போட்டு வைத்திருந்து ஓய்வு நேரத்தில் வீக்கத்தில் வைப்பார்கள். அன்று அவர்கள் இரப்பர் கையுறை ஒன்றில் ஐஸ் தண்ணீர் நிரப்பிக் கண்ணில் வைத்தார்கள். அது நெகிழும், அழுத்தம் கொடுக்காது. உலக சம்பியனின் மூலையில் நடந்த வேலை அது.

ஆனால் தோல்விக்கு அது மட்டும் காரணமில்லை. அன்று அவரை வென்ற டக்ளஸின் கை எட்டும் தூரம் டைசனைவிட ஓர் அடி கூட. முன்பு டைசன் தலையை இடமும் வலமும் அசைத்துக் குத்துக்குக் கீழாகப் புகுவார். அந்தப் பழக்கத்தைக் கண்டிப்போடு காத்த பயிற்றுவிப்பாளரை 1988இல் விலக்கிய பிறகு தலை நிலையாகிவிட்டது. நிலையான தலைக்கு நீளமான இடக்கை நேரே வந்து சேரும்.

பயிற்சியில் கண் வீங்கினால் ஐஸைத் துணியில் சுற்றிப் பத்து நிமிடம் மெதுவாக வையுங்கள். வீக்கத்தை விரலால் பக்கவாட்டில் தள்ளாதீர்கள். மூக்கைச் சீறவே கூடாது. கண்குழி எலும்பில் வெடிப்பு இருந்தால் காற்று கண்ணைச் சுற்றி ஏறி இமை பொத்திக்கொள்ளும். பார்வை இரட்டையாகத் தெரிந்தால் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

கேட்டி டெய்லரும் அமண்டா செரானோவும் மோதியதைப் பார்த்த நாளிலிருந்து எனக்கும் ஆசை. பண்டேஜ் சுற்றத் தெரியவில்லை, மணிக்கட்டு நோகிறது. வயது 17.
– ஒரு மாணவி, நிலாவெளி

நல்ல சண்டையைப் பார்த்துத்தான் ஆசைப்பட்டிருக்கிறீர்கள், தங்கச்சி. 2022இல் நியூயோர்க்கில் அந்த இருவரும் பத்துச் சுற்றும் ஆடியது எந்த ஆண்கள் சண்டைக்கும் குறையாது.

நாலரை மீற்றர் நீளமும் ஐந்து சென்ரிமீற்றர் அகலமும் உள்ள, கொஞ்சம் இழுபடும் பண்டேஜ் எடுங்கள். விரல்களை நன்றாக விரித்து வையுங்கள். வளையத்தைப் பெருவிரலில் மாட்டி, புறங்கை வழியாகக் கொண்டுபோய் மணிக்கட்டில் மூன்று சுற்று. பிறகு மொளியைச் சுற்றி மூன்று. அடுத்து மணிக்கட்டிலிருந்து வந்து சின்ன விரலுக்கும் மோதிர விரலுக்கும் இடையே ஒன்று, மோதிர விரலுக்கும் நடு விரலுக்கும் இடையே ஒன்று, நடு விரலுக்கும் சுட்டு விரலுக்கும் இடையே ஒன்று. ஒவ்வொரு தடவையும் மணிக்கட்டுக்குத் திரும்பி வர வேண்டும். பெருவிரலை ஒரு சுற்று சுற்றிப் பூட்டுங்கள். மிச்சத்தை மொளியிலும் மணிக்கட்டிலும் சுற்றி, மணிக்கட்டில் ஒட்டுங்கள்.

முஷ்டியை மூடிப் பாருங்கள். மூடும்போது இறுக்கம், விரிக்கும்போது இலேசு, அதுதான் சரி. விரல் நுனி குளிர்ந்தாலோ நீலம் பாய்ந்தாலோ அவிழ்த்துத் திரும்பச் சுற்றுங்கள். உங்களுக்கு மணிக்கட்டு நோவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணம்: மணிக்கட்டில் சுற்று போதாது, அல்லது குத்து சின்ன விரல் பக்கத்தில் இறங்குகிறது. சுட்டு விரல், நடு விரல் மொளிகள் முதலில் படவேண்டும். சின்ன விரலின் கீழெலும்பு மெல்லியது, முறிந்தால் ஆறு கிழமை போய்விடும். பண்டேஜைத் தினமும் கழுவிக் காயவைத்த பிறகே சுருட்டுங்கள். நம் கடற்காற்றில் ஈரத்தோடு சுருட்டினால் இரண்டு நாளில் பூஞ்சணம்.

கடற்கரை மண்ணை நிரப்பிச் சாக்குப் பை கட்டினோம். ஒரு மாதத்தில் அடிப்பக்கம் கல் மாதிரி ஆகிவிட்டது.
– இளைஞர்கள், சாம்பல்தீவு

மண் கீழே இறங்கி இறுகுவது இயல்பு, தம்பிமார். கடல் மண்ணில் உப்பும் இருப்பதால் காற்றின் ஈரத்தை இழுத்து இன்னும் இறுகும். மரத்தூளும் இங்கே கட்டி பிடிக்கும். பழைய சேலை, சாரம், ரீசேர்ட்டுகளைக் கையளவாக வெட்டுங்கள். பொத்தான், சிப் எல்லாவற்றையும் அகற்றுங்கள். ஒரு சாண் உயரம் நிரப்பியதும் உலக்கையால் இடித்து, பிறகு அடுத்த சாண். உங்கள் நிறையின் பாதி அளவு போதும். நிறை பற்றாவிட்டால் ஒரு கிலோ மண்ணை இரட்டைப் பொலித்தீனில் கட்டி, துணிகளின் நட்ட நடுவில் மட்டும் வையுங்கள். இரும்புச் சங்கிலி துருப்பிடித்து ஒரு நாள் அறும். தடித்த நைலோன் கயிறு போடுங்கள், மாதம் ஒருமுறை முடிச்சடியில் தேய்வைப் பாருங்கள்.

நம் நாட்டவர் எவரும் பெரிய மேடையில் வென்றதில்லையா?
– ந. க., மூதூர்

1938இல் சிட்னியில் நடந்த பேரரசு விளையாட்டுகளில் (இன்றைய பொதுநலவாய விளையாட்டுகள்) பார்னி ஹென்ரிகஸ் இறகு எடைப் பிரிவில் தங்கம் வென்றார். இந்த நாட்டுப் பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் இருக்க வேண்டிய பெயர். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அனுருத்த ரத்நாயக்க ஆடினார்.

இப்போது ஆடுபவர்களில் யாரைத் தவறவிடக் கூடாது?
– ஜெ. தி., உவர்மலை

இருவர். உக்ரேனின் உசிக், 2012 ஒலிம்பிக் தங்கம், 2024 மே மாதம் ரியாத்தில் பியூரியை வென்று நான்கு உலக அமைப்புகளின் பட்டங்களையும் ஒன்றாக வைத்த முதல் அதிபார எடை வீரர், அதே வருடம் டிசம்பரில் திரும்பவும் வென்றார். எதிராளியைவிடச் சின்ன உடம்பு. பக்கியாவ் பற்றிச் சொன்ன அந்த வெளிக்காலை உசிக் எப்படி ஊன்றுகிறார் என்று பாருங்கள்.

மற்றவர் ஜப்பானின் நஓயா இனோவே. 2019இல் டொனெயாருடன் ஆடியபோது இரண்டாம் சுற்றில் கண்குழி எலும்பு முறிந்து, ஒரு கண்ணில் இரட்டையாகத் தெரியத் தெரியப் பன்னிரண்டு சுற்றும் நின்று வென்றவர். 2022 மறுசண்டையில் அதே டொனெயாரை இரண்டாம் சுற்றில் முடித்தார். விலாவுக்குக் கீழே அவர் இறக்கும் இடக்கையைக் கவனியுங்கள். அது ஈரலில் பட்டால் எதிராளி உடனே விழமாட்டார், ஒரு செக்கன் நின்று, அதன் பிறகுதான் முழந்தாள் மடியும். சப்பானிய நேரம் நமக்கு மூன்றரை மணி முன்னே, ஆகவே அங்கே இரவு ஒன்பது என்றால் இங்கே மாலை ஐந்தரை. லாஸ் வேகாஸ் சண்டை என்றால் ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு முன்னே தாளும் பேனாவும் எடுத்து வையுங்கள்.