மலையிலிருந்து திரும்பிய பத்தாம் நாள்

கேள்வி: வணக்கம் டாக்டர். அரையாண்டு லீவில், டிசம்பர் 26 முதல் 28 வரை, இரண்டு குடும்பமாக ஜவ்வாது மலைக்குப் போகிறோம். இரண்டு ராத்திரி கூடாரத்தில் தங்கல், காட்டுக்குள் நடை, பீமன் அருவியில் குளியல், இரவில் நட்சத்திரம் பார்ப்பது என்று திட்டம். என் பையனுக்கு 9 வயது, வீசிங் உண்டு. பனி ஒத்துக்கொள்ளுமா? அருவியில் குளித்தால் ஜன்னி வருமா? அட்டை கடித்தால் என்ன செய்வது? மலைத் தண்ணீரைக் குடிக்கலாமா? போன வருடம் என் நாத்தனார் வீட்டுக்காரரின் நண்பர் இப்படித்தான் மலைக்குப் போய்விட்டு வந்தார். பத்தே நாளில் காய்ச்சல் வந்து ஐசியூவில் இறந்துவிட்டார். மர்மக் காய்ச்சல் என்றார்கள். யூடியூபில் பார்த்துவிட்டு டாக்சிசைக்ளின் மாத்திரை ஒரு அட்டை வாங்கி வைத்திருக்கிறேன். கிளம்பும் முன் ஆளுக்கொன்று கொடுக்கலாமா? இல்லை, பயணத்தையே விட்டுவிடலாமா? (காட்பாடி வாசகி)

பதில்:

போய் வாருங்கள்.

இரண்டு அட்டைகளைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். ரத்தம் குடிக்கும் அட்டையை நகத்தால் நெம்பி எடுத்துப் போட்டுவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். கொஞ்ச நேரம் ரத்தம் கசியும், நின்றுவிடும். எனக்குக் கவலை தருவது மாத்திரை அட்டைதான். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

மலைத் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். பையனின் இன்ஹேலரையும் ஸ்பேசரையும் வண்டியின் டிக்கியில் வைக்காமல் உங்கள் கைப்பையில் வையுங்கள். தினமும் எடுக்கும் மருந்து இருந்தால் லீவு என்று அதை நிறுத்த வேண்டாம். மார்கழிப் பனியைவிட, குளிர்காய மூட்டுகிறீர்களே அந்த நெருப்பின் புகைதான் அவனுக்கு ஆகாது. காற்று வரும் பக்கமாக உட்கார வையுங்கள். அருவியில் குளித்தால் ஜன்னி வராது. பாட்டிகள் ஜன்னி என்று சொன்னது, காய்ச்சல் முற்றிப் பிதற்றுகிற நிலையை. அது கிருமியால் வருவது, சில்லென்ற தண்ணீரால் அல்ல. அருவிக்குப் போய்விட்டு என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் பாசியில் வழுக்கிக் கணுக்காலைத் திருகிக்கொண்டவர்கள். அதிலும் பாதிப் பேர் வாயில் வாடையோடு வருவார்கள்.

சரி, கேள்விகள் ஆறு இருந்தாலும் உங்கள் பயம் ஒன்றுதான்: அந்த நண்பர். நான் பார்க்காத நோயாளிக்கு நோயின் பெயர் சூட்டுவது என் வழக்கமில்லை. ஆனால் 'மர்மக் காய்ச்சல்' என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். நம் வடாற்காடு பக்கத்தில், மழை ஓய்ந்த இந்தப் பருவத்தில், காய்ச்சல் அஞ்சாறு நாள் தாண்டியும் இறங்கவில்லை, டெங்குவும் இல்லை, மலேரியாவும் இல்லை என்றால் நாங்கள் முதலில் நினைக்கும் பெயர் ஸ்க்ரப் டைஃபஸ். பத்திரிகைகளில் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுகிறார்கள். அதைப் படித்துவிட்டு வீட்டு நாயின் காதைப் புரட்டிப் பார்க்க வேண்டாம், அந்த உண்ணி இல்லை இது. புல்லிலும் புதரிலும் வாழும் ஒரு நுண்ணிய பூச்சியின் குஞ்சு. ஆரஞ்சுச் சிவப்பு நிறம், அளவு சுமார் 0.2 மில்லிமீட்டர். கண்ணுக்குத் தெரியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். குஞ்சாக இருக்கும்போது ஒரே ஒரு முறை ஏதாவது உயிரின் மேல் ஏறி உடல்நீரை உறிஞ்சும். வழக்கமாக எலிதான் அதற்குக் கிடைக்கும். அந்த வழியில் நாம் போய் உட்கார்ந்தால் நம் மேல் ஏறிக்கொள்ளும். கடித்தது தெரியாது. அதன் எச்சிலோடு உள்ளே இறங்குகிற கிருமிக்கு ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி என்று பெயர். பின்பாதி ஜப்பானியச் சொல். இரண்டாம் உலகப் போரில் பர்மா முனையில் சிப்பாய்களைப் படுக்கப் போட்ட காய்ச்சல் இதுதான்.

கடித்த அன்றோ மறுநாளோ ஒன்றும் நடக்காது. 6 நாள் முதல் 21 நாளுக்குள், பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டாம் நாள், காய்ச்சல் ஆரம்பிக்கும். அதற்குள் மலையே மறந்து போயிருக்கும். டாக்டர் கேட்கமாட்டார், நோயாளி சொல்லமாட்டார். மர்மம் என்பது இவ்வளவுதான். இதில் வேடிக்கை, இந்த நோயைப் பற்றிய ஆராய்ச்சி நிறைய நடப்பது நம் வேலூரிலேயே. நோய் முற்றியவர்களுக்கு டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டையும் சேர்த்து ரத்தக்குழாய் வழியாகக் கொடுப்பது ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட மேல் என்று, சிஎம்சி முன்னின்று நடத்திய ஆய்வு 2023-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது. மருந்தைப் பற்றி உலகத்துக்கே சொல்லும் ஊரில் உட்கார்ந்துகொண்டு நாம் யூடியூப் பார்க்கிறோம்.

ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்கிறேன். ஒடுகத்தூர் பக்கத்து ஆள், நாற்பது வயதிருக்கும், லோடு வண்டி ஓட்டுகிறவர். என்னிடம் வந்தபோது காய்ச்சல் எட்டாம் நாள். முதலில் மருந்துக் கடையில் மூன்று நாள் மாத்திரை. அப்புறம் ஒரு கிளினிக்கில் விடால் டெஸ்ட் எடுத்து, 'டைஃபாய்டு' என்று சொல்லி இரண்டு பாட்டில் குளுக்கோஸ், கூடவே செஃபிக்சிம். காய்ச்சல் இறங்கவில்லை. நிமிடத்துக்கு முப்பது தடவை மூச்சு வாங்கிக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்திருந்தார். அந்த எட்டு நாளில் அவருடைய பனியனைக் கழற்றச் சொன்னவர் ஒருவரும் இல்லை. படுக்க வைத்து, வேட்டியைத் தளர்த்தி, அரைஞாண் கயிற்றை விலக்கினேன். துவரம்பருப்பு அளவுக்குக் கறுப்பாக ஒரு பொருக்கு, சுற்றிலும் சிவப்பு வளையம். பீடி நெருப்பால் சுட்டது போல. "கயிறு உராய்ந்த புண்ணு சார், வலிகூட இல்ல" என்றார். அதே பக்கத்துத் தொடை இடுக்கில் நெறி கட்டியிருந்தது. முதல் டோஸைக் கொடுத்து உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. நுரையீரல் தேற இன்னும் ஒரு வாரம் பிடித்தது. முதல் நான்கு நாளுக்குள் யாராவது அந்தக் கயிற்றை விலக்கியிருந்தால் மாத்திரையோடு முடிந்திருக்கும்.

நீங்கள் தேட வேண்டியது அந்தக் கறுப்புப் பொருக்கைத்தான். வலிக்காது, பெரும்பாலும் அரிக்கவும் செய்யாது. அதனால் தானாகத் தெரியவராது, தேடித்தான் பார்க்க வேண்டும். துணி இறுக்கிப் பிடிக்கும் இடத்தில்தான் அந்தக் குஞ்சு போய் நிற்கும். அக்குள், தொடை இடுக்கு, இடுப்பில் நாடா கட்டும் வரி, மார்புக்கு அடியில், தொப்புள், பிட்டம், முழங்காலின் பின்பக்கம். குழந்தைகளுக்குக் காதின் பின்புறமும் தலைமுடிக்குள்ளும். ஆண்களுக்கு விதைப்பை. வெட்கப்பட்டுக்கொண்டு எங்களிடம் காட்டாத இடமெல்லாம் அதற்கு வசதியான இடம். ஈரமான மடிப்புகளில் கறுப்பாக இல்லாமல் ஆழமில்லாத சின்னப் புண்ணாகவும் இருக்கும். நல்ல வெளிச்சத்தில் ஒருவருக்கொருவர் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றும் தென்படவில்லை என்பதற்காக நோய் இல்லை என்று ஆகிவிடாது. பொருக்கே இல்லாமலும் இந்தக் காய்ச்சல் வரும். இருந்தால் பாதி வேலை முடிந்தது.

ஆகவே திரும்பி வந்த மூன்று வாரத்துக்குள் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் டாக்டரிடம் முதல் வாக்கியமாக "ஜவ்வாது மலையில் கூடாரம் போட்டுத் தங்கினோம்" என்று சொல்லுங்கள். கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். ஆரம்ப நாட்களில் ரத்தப் பரிசோதனையில் இல்லை என்று வரலாம், அதனால் சந்தேகம் இருந்தாலே மருந்தை ஆரம்பித்துவிடுவோம். சாதாரணமாக இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். மூச்சு வாங்கினால், பேச்சு குழறினால், சிறுநீர் குறைந்தால், கண் மஞ்சளானால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

இப்போது மாத்திரை அட்டை. நீங்கள் வாங்கி வைத்திருப்பது இதற்குச் சரியான மருந்துதான், அதுதான் வம்பு. கிளம்பும் முன் ஆளுக்கொன்று போட்டால் ஓரிரு நாளில் உடம்பைவிட்டுப் போய்விடும், எந்தக் காவலும் இல்லை. கூடாரத்தில் தண்ணீர் சரியாகக் குடிக்காமல் விழுங்கிவிட்டுப் படுத்தால் உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கும். பகலில் வெயில் பட்டால் தோல் சிவந்துபோகும். காய்ச்சல் வந்த பிறகு நீங்களாக இரண்டு மாத்திரை கொடுத்து நிறுத்திவிட்டாலோ, எங்களுக்கும் நோய் எதுவென்று தெரியாது, நோயும் போகாது. பையனுக்கு எடை பார்த்து நாங்கள் கொடுக்க வேண்டிய மருந்து அது. ஒன்றும் வேண்டாம், பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். கடைக்காரர் கொடுக்கிற அமாக்சிசிலினும் செஃபிக்சிமும் இந்தக் கிருமியைத் தொடவே தொடாது. இது நம் செல்லுக்குள்ளேயே புகுந்து வாழ்வது. காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் போடுங்கள், ஆனால் எத்தனை நாளாகிறது என்று எண்ணுங்கள்.

பயணத்தை விட்டுவிட்டால் தப்பிக்கலாம் என்று நினைக்கிறீர்கள். என்னிடம் இந்தக் காய்ச்சலோடு வருகிறவர்களில் சுற்றுலா போனவர்கள் குறைவு. மாட்டுக்குப் புல் அறுத்த அம்மாக்கள், கடலைக் கொல்லையில் வேலை செய்தவர்கள்தான் அதிகம். உங்கள் வீட்டுப் பின்பக்கத்துக் காலி மனையில் புதர் மண்டியிருந்தால் அங்கேயும் எலி உண்டு, மற்றதும் உண்டு.

மலையில் கவனிக்க வேண்டியது உட்காருகிற, படுக்கிற இடத்தைத்தான். அந்த மலையில்தான் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. 1986-ல் திறந்த 2.3 மீட்டர் தொலைநோக்கி அங்கே உண்டு. வானம் அவ்வளவு தெளிவு என்பதால்தான் அந்த இடத்தைப் பிடித்தார்கள். பிள்ளைகள் தலையை அண்ணாந்து பார்த்துச் சலித்ததும் புல்லில் மல்லாந்துவிடுவார்கள். கனமான தார்ப்பாயை விரித்து அதன் மேல் படுக்கச் சொல்லுங்கள். அருவியில் குளித்துவிட்டு ஈரத் துணியைப் புதரின் மேல் உலர்த்தி, அதையே எடுத்துப் போட்டுக்கொள்வது நம் ஆட்கள் எல்லோரும் செய்வது. ஒரு கொடிக்கயிறு கொண்டு போங்கள். நடக்கப் போகும்போது முழுக்கால் சட்டை, அதன் நுனி சாக்சுக்குள். சாக்சின் மேலும் கணுக்காலிலும் டீட் உள்ள பூச்சி விரட்டி. ஒதுங்கப் போகும்போது புதர் மறைவைவிட வெறும் தரை நல்லது. பெண்கள் கூடப்போய்க் காவல் நின்றுகொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் பீர்க்கங்காய் நாரால் தேய்த்துச் சோப்புக் குளியல், துணியெல்லாம் வெந்நீரில்.

28-ம் தேதி திரும்புகிறீர்கள். காலண்டரில் ஜனவரி 18-ஐ வட்டமிட்டு வையுங்கள். நடுவில் பொங்கல் வருகிறது. பாதி டாக்டர்கள் ஊருக்குப் போயிருப்போம், தெருமுனை மருந்துக் கடை மட்டும் திறந்திருக்கும். அந்த வாரத்தில் யாருக்காவது காய்ச்சல் என்றால் கடையைத் தாண்டி நடந்து அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள், கரிநாளானாலும் சரி.