உலகைச் சுற்றும் பயணத்துக்கு எந்த விமானத்தின் முதல் வகுப்புப் படுக்கை சிறந்தது?

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2017இல் ஏ380 விமானத்தில் அறிமுகப்படுத்திய அறைகளில் இருக்கையே படுக்கையாக மாறுவதில்லை. சுவரிலிருந்து தனிப் படுக்கை இறங்குகிறது, சில அறைகளுக்கு இடையிலான தடுப்பை நீக்கினால் இருவர் சேர்ந்து உறங்கவும் முடியும் என்பதால், தம்பதியருக்கு இதையே முதலில் பரிந்துரைப்பேன். கேத்தே பசிபிக்கின் போயிங் 777 விமானத்தில் முதல் வகுப்பில் ஆறே இருக்கைகள். முழு அடைப்பு இல்லாவிட்டாலும் படுக்கை தாராளமான அகலம் கொண்டது, பசிபிக்கைக் கடக்கும் நீண்ட இரவில் கதவைவிட அகலமே உடலுக்கு உதவும் என்பது என் உறுதியான கருத்து. எமிரேட்ஸ் அதே 2017இல் தன் 777 விமானத்தில் தரையிலிருந்து கூரைவரை அடைக்கப்பட்ட அறைகளைக் கொண்டுவந்தது. ஆனால் அந்நிறுவனம், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இருக்கும் ஸ்டார் அலையன்ஸ், கேத்தே பசிபிக் இருக்கும் ஒன்வேர்ல்டு ஆகிய விமான நிறுவனக் கூட்டணிகள் எதிலும் உறுப்பினர் அல்ல. ஆகவே அக்கூட்டணிகளின் உலகச் சுற்றுப் பயணச்சீட்டை எடுப்பவர், படுக்கையை ஒப்பிடும் முன் கூட்டணியை முடிவுசெய்வது நல்லது.